தடம் காட்டும் கருவி வாங்கப் போகிறவர்களுக்கு

ஜீப் ஓட்ட வந்திருக்கும் தம்பிகளுக்கும், உங்களோடு சேர்ந்திருக்கும் அந்த ஒரு தங்கைக்கும் வணக்கம்.

ஆஸ்பத்திரி மேனேஜர் போன வாரம் என்னைக் கூப்பிட்டார். ஜீப் இரண்டுக்கும் புதிய ஜிபிஎஸ் கருவி வாங்கப் போகிறார்களாம். கடைக்காரர் நாலைந்து வகையைக் கொண்டுவந்து மேஜைமேல் பரப்பிவிட்டுப் போயிருக்கிறார். பெரிய திரை வேண்டும் என்று பாதிப் பேரும், கையடக்கமாக வேண்டும் என்று மீதிப் பேரும் மல்லுக்கட்டுகிறீர்களாம். "ஏனுங்க, நீங்க ஓட்டாத தடமா? ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, படிச்சுட்டு முடிவு பண்ணிக்கறோம்" என்றார். ஓய்வு பெற்றவனிடம் யோசனை கேட்பது சுலபம், கேட்ட பிறகு அவனை நிறுத்துவதுதான் கஷ்டம் என்று அவருக்குத் தெரியவில்லை. இது ரெண்டு பக்கத்தில் அடங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவசரக்காரர்களுக்காகக் கருவியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உச்சி வெயிலில் திரை தெரிய வேண்டும். கடைக்குள் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும், வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள். செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்ய வேண்டும். நாம் ஓட்டிப் போன வழியைக் கோடாகப் பதிந்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதே கோட்டில் நம்மைக் கூட்டிப் போக வேண்டும். பேட்டரி பெட்டிக்கடையில் கிடைக்கிற ரகமாக இருந்தால் நல்லது. ஈரக் கையோடும் ரத்தக் கையோடும் தொடுவோம் என்பதால் தொடுதிரையைவிடப் பொத்தான் மேல். இவ்வளவையும் பார்த்துத்தான் அன்றைக்கு நாங்களும் வாங்கினோம். குறை சொல்ல முடியாத கருவி. அது கையில் இருந்தும் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் சிலர் டவுன்காரர்கள், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம் பக்கத்தில் வீடுகள் ஊருக்குள் மட்டும் இல்லை. தோட்டத்துக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருப்பார்கள். மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு வீடு, கூப்பிடு தூரத்தில் பங்காளி வீடு. தெருப் பெயர் கிடையாது. கதவு எண்ணைச் சொன்னால் அந்த வீட்டுக்காரருக்கே அடையாளம் தெரியாது. அங்கே போகிற வழி இட்டேரி, அதாவது இரண்டு பக்கமும் வேலி வைத்த மண் தடம். பெரிய ஆம்புலன்ஸ் அதற்குள் நுழையாது. அதற்காகத்தான் நம் ஆஸ்பத்திரியில் ஜீப் வைத்தார்கள். ஆஸ்பத்திரி இருக்கிற நாமகிரிப்பேட்டையிலிருந்து கிழக்கே தம்மம்பட்டி வரைக்கும் மலையடிவாரத்துத் தோட்டங்களுக்கெல்லாம் நாங்கள் போவோம்.

கருவி வருவதற்கு முன்னால் போனில்தான் வழி கேட்போம். கூப்பிட்ட வீட்டில் ஒருவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நிற்பார். "கோயிலத் தாண்டிட்டீங்களா? சோத்தாங்கைப் பக்கம் ஒரு மோட்டார் ரூம் வருமுங்க, அங்க திரும்புங்க" என்று அவர் சொல்லச் சொல்ல ஓட்டுவோம். பதற்றத்தில் இடத்தையும் வலத்தையும் மாற்றிச் சொல்வார்கள். பாதியில் அழுதுவிடுவார்கள். பிறகு எல்லோர் கையிலும் செல்போன் மேப் வந்தது. அது இன்னும் மோசம். ஒருமுறை என்னைச் செங்கல் சூளைக்கு மண்ணெடுத்த குழியின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தி, நேராகப் போகச் சொன்னது. பின்னால் நெஞ்சுவலிக்காரர் ஒருவர் படுத்திருந்தார். அந்த மனிதர் பிழைத்துக்கொண்டதால் இன்றைக்கு இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

என்னோடு ஓட்டியவர் தம்மம்பட்டிக்காரர். இரண்டு பேரும் ஒரே ஜீப்பில் போவோம். ஒருவர் ஓட்டினால் மற்றவர் வழி பார்ப்பார், ஸ்ட்ரெச்சர் பிடிப்பார். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் வீட்டில் கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. நான் அவரைத் தம்மம்பட்டி என்றே கூப்பிடுவேன். என் ஊர் ஆட்டையாம்பட்டி. அந்த ஊர் முறுக்கு பேர்போனது என்பதால் அவர் என்னை முறுக்கு என்பார். எங்கள் வீட்டில் எல்லோரும் தறி நெய்தவர்கள், நான் ஒருவன் மட்டும் தறியை விட்டுவிட்டு லாரி ஏறினேன். ஓட்டுவதில் நான் அவரைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரன். நிதானத்தில் அவர் பக்கத்தில்கூட நான் நிற்க முடியாது. நோயாளியின் வீட்டுக்குள் எப்படி நுழைவது, யாரிடம் முதலில் பேசுவது, எதைப் பேசாமல் இருப்பது என்பதெல்லாம் அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்தது.

அப்போதைய மேனேஜர் கருவி வாங்கலாம் என்று முடிவு செய்தபோது கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று வண்டியின் முன்னால் பொருத்துகிற அகலத் திரை. ஒரு பெண் குரல் "இடப்பக்கம் திரும்பவும்" என்று தமிழில் சொல்லும். எனக்கு அந்தக் குரல் மிகவும் பிடித்திருந்தது. வீட்டில்கூட என்னிடம் யாரும் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. இன்னொன்று கையில் பிடிக்கிற கருவி. நல்ல மஞ்சள் நிறம், தலையில் கட்டையாக ஒரு ஆன்டெனா, கறுப்புப் பொத்தான்கள். தம்மம்பட்டி அதை வாங்கி வாளித் தண்ணீரில் முக்கினார். சீட்டிலிருந்து தரையில் தள்ளினார். புளியமரத்தடியில் கொண்டுபோய் நின்றார், வெயிலில் கொண்டுபோய் நின்றார். கடைக்காரப் பையன் முகம் வெளிறிப் போனது.

"இதுதான் முறுக்கு, இதத்தான் வாங்கணும்" என்றார். "அது ரோட்டுல போறவனுக்கு. நமக்கு ரோடே இல்லாத எடத்துல வேலை. அது எவனோ எங்கியோ உக்காந்து போட்ட வழியக் காட்டும். இது நாம போய்ப் பார்த்த வழியக் காட்டும்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இன்றைக்கும் அதையே சொல்வேன். அந்தக் குரலை மனதுக்குள் வழியனுப்பிவிட்டு நானும் தலையாட்டினேன். மஞ்சள் கருவி வந்தது.

அந்தக் கோடை முழுவதும் தடம் பதிகிற வேலைதான். கூப்பிடுகிறவர்கள் இல்லாத நேரமெல்லாம் இட்டேரி இட்டேரியாக ஓட்டினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் தம்மம்பட்டி இறங்கி, கருவியை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். நிற்கிற இடத்தைக் கருவி கண்டுபிடித்ததும் திரையில் வருகிற எண்களை உரக்கப் படிப்பார். நான் அதை என் செல்போனில் வருவதோடு சரிபார்ப்பேன். விளைநிலத்தைத்தான் நம் பக்கம் காடு என்போம்; காட்டில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். சிலர் கை காட்டி என்ன என்று கேட்பார்கள். "ஆஸ்பத்திரிக்குங்க" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு அடுத்த திருப்பத்துக்குப் போய்விடுவோம். அவர்கள் காதில் விழுந்ததா என்று பார்க்க நின்றதில்லை. வெயில் அப்படி, பதிய வேண்டிய தடமும் அத்தனை இருந்தது.

பலன் உடனே தெரிந்தது. பாம்பு கடித்தவர்களை நேரத்துக்குக் கொண்டுவந்தோம். வழி தவறி நின்றதே இல்லை என்று சொல்லலாம். அதோடு ஒரு பழக்கமும் வந்தது. யார் கூப்பிட்டாலும், "உங்க தோட்டம் எங்ககிட்ட இருக்குதுங்க, வழி சொல்ல வேணாம். நீங்க போன வெச்சுட்டு அவங்களப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவோம். கேட்கிறவர்களுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று நினைக்கிறீர்கள். போனைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டிய ஆள் உள்ளே போய் நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்ளலாம். நாங்கள் நல்லதென்று நினைத்துத்தான் செய்தோம். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப் போவதைப் படித்துவிட்டு நீங்கள் தம்மம்பட்டியைத் தப்பாக நினைக்கக் கூடாது.

அது தை மாதம். மத்தியான நேரம். அர்த்தநாரி என்கிற விவசாயி கூப்பிட்டார். அவர் மருமகள் கோகிலாவுக்கு ராசிபுரத்தில் இரண்டாவது குழந்தை பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்கு அம்மா இல்லாததால் பிறந்த வீட்டுக்குப் போகாமல் மாமனார் வீட்டிலேயே இருந்தாள். கணவன் போர்வெல் ரிக் வண்டியோடு வடநாட்டில் இருந்தான்.

போனை எடுத்தது தம்மம்பட்டி. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"மருமவளுக்கு ரத்தம் நிக்கவே மாட்டேங்குதுங்க. துணியெல்லாம் நனைஞ்சு போச்சுங்க. சீக்கிரம் வாங்க சாமி."

"வர்றோங்க. இதோ கெளம்பிட்டோம்."

"தடத்துல..." என்று ஆரம்பித்தார் அர்த்தநாரி.

"உங்க தோட்டம் தெரியுங்க. நாங்க வந்துருவோம். நீங்க போன வெச்சுட்டுப் பொண்ணப் பாருங்க, கால மேல தூக்கி வெச்சுப் படுக்க வைங்க."

போனை வைத்துவிட்டார். நான் எடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நர்ஸ் செல்வி சிஸ்டரை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நான் ஓட்டினேன். ஏரிக்கரை முக்கில் வழி இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஏரியைச் சுற்றிப் பக்கத்து ஊர் வழியாகப் போகிற நீண்ட வழி. வலது பக்கம் இட்டேரி, அர்த்தநாரியின் அண்ணன் பழனியப்பன் காட்டு வழியாக நேராக அர்த்தநாரி வீட்டு வாசலுக்குப் போகும். கோடையில் நாங்களே ஓட்டிப் பதிந்த தடம். கருவியில் கோடு வலது பக்கம் போயிற்று. வேகத்தைக் குறைக்காமல் திரும்பினேன்.

இட்டேரி முடிகிற இடத்தில் பள்ளம் வெட்டியிருந்தார்கள்.

ஒரு வேலியிலிருந்து எதிர் வேலி வரைக்கும், ஜேசிபி வைத்து வெட்டிய பள்ளம். ஆள் நின்றால் தோள்மட்டத்துக்கு வரும். மேலே இரண்டு தென்னந்துண்டுகளைப் போட்டிருந்தார்கள், நடந்து போகிறவர்களுக்கு. அந்தப் பக்கம் கிழங்கு பிடுங்கிய வெறுங்காடு. அதற்கு அப்பால் அர்த்தநாரியின் வீடு பளிச்சென்று தெரிந்தது. வாசலில் ஒரு பெண் துண்டை ஆட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகம்கூடத் தெரிந்தது. தம்மம்பட்டி கையிலிருந்த கருவி பீப் பீப் என்று அடித்தது. சேர வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்றால் அப்படி அடிக்கும்.

"ரிவர்ஸ் எடு முறுக்கு. ஏரியச் சுத்திப் போயிரலாம்" என்றார் அவர். இட்டேரிக்குள் வண்டி திரும்பாது. முக்கு வரைக்கும் பின்னாலேயே போய், அங்கிருந்து சுற்ற வேண்டும். ஊருக்குள் மாட்டுச்சந்தை நாள் வேறு. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவரும் போட்டிருப்பார். வண்டி கோகிலாவின் கட்டில் வரைக்கும் போனால் அவளை அசைக்காமல் ஏற்றலாம், அது அவர் கணக்கு. அவ்வளவு நேரம் அவள் தாங்க மாட்டாள், அது என்னுடையது. இரண்டிலும் நியாயம் இருந்தது. தம்பிகளே, இந்த வேலையில் உங்களுக்கு வரப்போகிற கஷ்டம் பெரும்பாலும் இந்த மாதிரிதான் வரும். அப்போது யாரையும் கேட்க முடியாது.

நாங்கள் பேசி முடிப்பதற்குள் செல்வி சிஸ்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தென்னந்துண்டு மேல் ஏறி அந்தப் பக்கம் போய்விட்டது. "தூக்கிக்கிட்டு வந்துரலாம்" என்றேன். தம்மம்பட்டி மறுபேச்சுப் பேசாமல் மடக்கு ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினார்.

கோகிலா கட்டிலில் கிடந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. உள்ளே தொட்டிலில் குழந்தை அழுதது, அர்த்தநாரியின் மனைவி அதையும் எடுக்கத் தெரியாமல் இவளையும் விடத் தெரியாமல் நின்றார். சிஸ்டர் ஊசி போட்டு, சலைன் ஏற்றி, பாட்டிலை அர்த்தநாரி கையில் கொடுத்தது. வெறுங்காட்டில் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். கிழங்கு பிடுங்கிய குழிகளில் கால் இடறியது. ஓடவும் முடியவில்லை, மெதுவாகப் போகவும் மனசு வரவில்லை.

பள்ளத்துக்கு வந்ததும் நின்றுவிட்டோம். தென்னந்துண்டுகள் மேல் ஒற்றையாக நடக்கலாம், பாரத்தோடு நடக்க முடியாது. அப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் ஓடி வந்தார். அர்த்தநாரியின் அண்ணன் பழனியப்பன். வந்த வேகத்தில் பள்ளத்துக்குள் குதித்தார். இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

"என்ற தலை மேல வெச்சுக் குடுங்கய்யா. நான் புடிச்சுக்கறேன். குடுங்கய்யா!"

அவர் தலைமேலும் கைகள்மேலும் ஸ்ட்ரெச்சரை வைத்து நகர்த்தினோம். நடுவில் ஒரு கணம் முழுப் பாரமும் அவர் மேல் இருந்தது. தம்மம்பட்டி தென்னந்துண்டு வழியாக ஓடிப் போய் அந்தப் பக்கம் வாங்கிக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்தபோது பழனியப்பனின் சட்டைத் தோள் சிவப்பாக இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பள்ளத்துக்குள்ளேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவு தூரமும் ரிவர்ஸில் எடுத்தேன். தார் ரோடு வந்ததும் விரட்டினேன். பின்னால் சிஸ்டரும் தம்மம்பட்டியும் அர்த்தநாரியும். கோகிலாவின் குரல் எனக்குக் கேட்டது.

"இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

தம்மம்பட்டி கையில் அந்தக் கருவி இருந்தது. எவ்வளவு தூரம் என்று அதில் எண் போட்டே காட்டும். அவர் அதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும், கண்ணாடியில் தெரிந்தது.

"வந்துட்டோம் சாமி. இந்தத் திருப்பந்தான்" என்றார்.

"சரிங்க" என்றாள் அவள்.

அப்புறம் அவள் ஒன்றும் பேசவில்லை. நாமகிரிப்பேட்டை எல்லை தெரிகிற இடத்தில் சிஸ்டர் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டது. "அண்ணா, மெதுவாவே போங்க" என்றது. நான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். எத்தனையோ வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறேன், அந்தச் சொல்லைப் போல எதுவும் என்னை உலுக்கியதில்லை.

பள்ளத்தில் போன நேரம் போகாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதுங்க" என்றார். நேராக வந்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம் என்றும் சொன்னார். அது உண்மையா, எங்களைத் தேற்றுவதற்காகச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

காரியம் முடிந்து நானும் தம்மம்பட்டியும் அந்த வீட்டுக்குப் போனோம். கோகிலாவின் கணவன் வந்திருந்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அர்த்தநாரி எங்களுக்குப் பாய் போட்டார், தண்ணீர் கொடுத்தார். கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"தடத்துல பள்ளம் கெடக்குது, ஏரி வழியா வாங்கன்னு சொல்ல வந்தனுங்க" என்றார். "நீங்க தெரியும்னு சொன்னீங்களா, சரி, பள்ளமுந் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுட்டனுங்க."

தம்மம்பட்டி கை கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஓரத்தில் நின்றிருந்த பழனியப்பன் பேசினார். தம்பியைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துப் பேசினார்.

"கோடையில நீங்க ரெண்டு பேரும் என்ற காட்டு முக்குல நின்னீங்க. மஞ்ச மிஷின மேல தூக்கிப் புடிச்சுட்டு நம்பரு படிச்சீங்க. நான் காட்டுக்கு அந்தக் கோடியில மாடு கட்டிட்டிருந்தனுங்க. மேக்கால ஒரு ஊருல அதே மாதிரி மஞ்ச மிஷினோட வந்து, அதே மாதிரி நம்பரு படிச்சுட்டுப் போனாங்க. அப்புறம் கல்லு நட்டாங்க. ரோட்டுக்கு நெலம் போயிருச்சுங்க. நம்முளுக்கும் வந்துட்டாங்கன்னு நெனச்சனுங்க. என்ற காடு போனா தம்பி காடும் சேந்து போயிரும். ஜீப்பு உள்ள வராம இருக்கோணும்னு ஜேசிபிய வரச் சொல்லி வெட்டிப்புட்டனுங்க."

"அண்ணன் சொல்லித்தானுங்க வெட்டுனோம்" என்றார் அர்த்தநாரி. "நானுந்தான் கூட நின்னேன்."

அண்ணனை விட்டுக்கொடுக்காமல் அவர் சொன்னது அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த அண்ணனும் தம்பியும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதை நான் பார்க்கவில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை. பேச வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

ஜீப்பில் ஆஸ்பத்திரிப் பெயர் பெரிதாக எழுதியிருந்ததே என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதியிருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு எழுத்துத் தெரியாது, மஞ்சள் தெரியும். நாங்கள் அந்தக் கருவியைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தோம், கீழே போட்டுப் பார்த்தோம், வெயிலில் பார்த்தோம். காட்டுக்கு நடுவில் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருவருக்கு அது எப்படித் தெரியும் என்று மட்டும் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தில் நிலம் அளக்க வருகிறவர்கள் கையில் என்ன இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். டீக்கடையில் அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறோம். ஆனாலும் தோன்றவில்லை. கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், கருவியோடு வருகிற காகிதத்திலும் இருக்காது.

தம்மம்பட்டி அதற்குப் பிறகும் ஓட்டினார். ஆனால் ஒருவர் போனையும் அவர் பாதியில் வைத்ததில்லை. எத்தனை முறை போன தோட்டமாக இருந்தாலும், "தடத்துல ஏதாச்சும் மாத்தம் உண்டுங்களா? கடைசியா வண்டி எப்ப வந்துச்சு?" என்று கேட்பார். வாசலில் இறங்குகிறவரை பேசிக்கொண்டே வருவார். வழி தெரியும் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்கவில்லை. "வந்துட்டோம்" என்பதையும் நிஜமாக வந்த பிறகுதான் சொல்வார். முன்பு நிறையப் பேசிச் சிரிக்கிற மனிதர். முறுக்கு என்று கூப்பிடுவது குறைந்துபோய், பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இருந்திருந்தால் இந்தப் பக்கங்களை அவர்தான் எழுதியிருக்க வேண்டும், என்னைவிட நன்றாக எழுதியிருப்பார்.

ஆகவே உங்கள் வாக்குவாதத்துக்கு என் பதில். பெரிய திரையோ கையடக்கமோ, மேலே சொன்ன குணங்கள் இருந்தால் எது வேண்டுமானாலும் வாங்குங்கள். மஞ்சள் மட்டும் வேண்டாம். இது எனக்காக. வாங்கியதும் அதை முதலில் தோட்டத்துக்காரர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கையில் கொடுங்கள், பொத்தானை அழுத்திப் பார்க்கட்டும், அவர்கள் கிணற்றையும் களத்தையும் அதில் தேடட்டும். தடம் பதியும்போது அந்தக் காட்டுக்காரரை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு பதியுங்கள். அதற்கு நேரமாகும், வெயிலாக இருக்கும், மேனேஜர் டீசலைப் பற்றிக் கேட்பார். கேட்கட்டும்.

நாங்களும் அந்த வருஷம் அப்படித்தான் எல்லாத் தடத்தையும் திரும்பப் பதிந்தோம். பழனியப்பன் காட்டுக்குப் போவதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். ஒரு நாள் அவரே ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்.

"என்ற தடத்த எப்ப போடப் போறீங்க?" என்றார். "வாங்க, நான் வாரேன்."

முன் சீட்டில் ஏற்றிக்கொண்டோம். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு, கருவியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தம்மம்பட்டி பின்னாலிருந்து எட்டித் திரையைக் காட்டினார். "இந்தா, இதுதாங்க நாம போற கோடு. இது ஏரிக்கரை. இது உங்க வேலி."

இட்டேரி முடிகிற இடத்துக்கு வந்தோம். பள்ளத்தை மூடியிருந்தார். சுற்றிலும் மரவள்ளிக் குச்சி நட்டுத் துளிர் விட்டிருந்தது. மண் எல்லாம் ஒரே நிறமாக ஆகிவிட்டது. எங்கே வெட்டியிருந்தது என்று எனக்கே சட்டென்று பிடிபடவில்லை.

பழனியப்பன் திரையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதுல அந்தப் பள்ளம் தெரியுதுங்களா?"

"இல்லைங்க" என்றார் தம்மம்பட்டி. "தடம் மட்டுந்தாங்க தெரியும்."

பழனியப்பன் நிமிர்ந்து முன்னால் மண்ணைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியுதுங்களே" என்றார்.

வண்டியை நிறுத்தச் சொன்னார். கருவியைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தை ஓரமாகச் சுற்றி நடந்து கடந்தார். அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, வரலாம் என்று எனக்குக் கை காட்டினார். நான் முதல் கியரில் மெதுவாக எடுத்தேன்.